கையை விட்ட பாவாயி

ஒரு முட்டைக்குள்ள ஒரு ஊர் இருந்துச்சாம். எத்தனூண்டு ஊருங்கற? மஞ்சக்கரு மேல வெள்ளையா ஒரு பொட்டு, அவ்வளவுதான். அந்த ஊருக்குத் தலை எது, வாலு எதுன்னுகூடத் தெரியாது. தாய்க்கோழி வயித்துல முட்டை உருண்டுச்சா, உருள உருள எந்தப் பக்கம் மேல தூக்கி நின்னுச்சோ, அது வால்பக்கம்னு ஆயிருச்சு. எதிர்ப்பக்கம் தலைப்பக்கம். ம் கொட்டு, சாமி.

"ம்."

அந்த ஊர்ல பாவாயி, அத்தாயின்னு ரெண்டு சின்ன உசிரு. ஒண்ணா இருந்து ரெண்டாப் பிரிஞ்சவங்க. பிரிஞ்சும் கைகோத்தே இருப்பாங்க.

"நாந்தாண்டி அக்கா"ம்பா பாவாயி.

"போடி, ஒரே நேரத்துல பொறந்துட்டு அக்காவாம்ல அக்கா!"

அப்புறம் முட்டை வெளிய வந்துச்சு. தாய்க்கோழி அடைக்கு உக்காந்துச்சு. கதகதன்னு சூடு ஏற ஏற, வால்பக்கத்துலருந்து சர்ர்ர்ருன்னு ஒரு பள்ளம், வாய்க்கா மாதிரி, தலைப்பக்கமா நீண்டுக்கிட்டே வந்துச்சு. ஓரத்துல நின்னவங்கள உள்ள இழுத்துச்சு. உள்ள போனவங்க திரும்பறதில்ல. அது அந்த ஊர் வழக்கம்.

மொத இழுப்புல போனவங்க ஆழத்துக்கே போயி, மஞ்சக்கருப் பக்கமாப் படுத்துட்டாங்க. குடலும் ஈரலும் ஆகப்போறவங்க. பாவாயி அத்தாயி கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

ரெண்டாவது இழுப்புல பக்கத்து வீட்டுக்காரங்க சளக் சளக்குன்னு போனாங்க, எலும்பாகறதுக்கு. பாவாயி இன்னும் இறுக்கினா.

மூணாவது இழுப்புல அவ காலே உள்ள போயிருச்சு.

"அத்தாயி, நீயும் வாடி!"

"கைகோத்துக்கிட்டு நுழைய முடியாதுடி. வழி அவ்வளவு இடுக்கு."

பாவாயி விடல. அரை உடம்பு மேல, அரை உடம்பு கீழ. பின்னால நின்னவங்களுக்குப் பொறுக்கல. "ஏம்மிணி, வாசல்லயே குந்திக்கிட்டா எப்படி? நாமெல்லாம் உள்ள போகலைன்னா இந்தக் குஞ்சுக்கு நெஞ்சுத்துடிப்பே இருக்காது!"

அத்தாயி மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அப்போ பாவாயி ஒவ்வொரு விரலா, ஒவ்வொரு விரலா விட்டா.

ம்?

"...ம்."

உள்ள கும்மிருட்டு. மேலயும் ஆளு, கீழயும் ஆளு, தெரிஞ்ச மொகம் ஒண்ணுமில்ல. மேல நின்னுட்டவங்கெல்லாம் தோலும் இறகும் மூளையுமா ஆகப்போறாங்கன்னு யாரோ பேசிக்கிட்டாங்க. அத்தாயி எதுவானாளோ, யாருக்குத் தெரியும்? பாவாயி கூப்பிட்டுப் பாத்தா. குரலு எட்டல. இன்னும் பலமாக் கூப்பிட, உடம்பே ஒரு தடவ துடிச்சுது. டுப்பு.

"அத்தாயிக்குக் கேட்டுச்சா?"

அந்தக் குஞ்சு உடம்புல காது இன்னும் முளைக்கலையே, சாமி.

அப்போ பக்கத்துல ஒருத்தி டுப்புன்னா. அவளும் யார் கையையோ விட்டுட்டு வந்தவதான். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும் ஒண்ணா, டுப்பு, டுப்பு, டுப்பு. செக்கச்செவேல்னு ரத்தம் கெளம்பிச்சு. மேல போச்சு, கீழ போச்சு, தலைக்குப் போச்சு, வாலுக்குப் போச்சு. சுத்திட்டுத் திரும்பியும் வந்துச்சு. சேதி மட்டும் ஒண்ணும் கொண்டு வரல.

பாவாயி மறுபடி அனுப்பினா. டுப்பு.

கதை முட்டைக்குள்ள போயிருச்சு. நீ போர்வைக்குள்ள போ, சாமி.