பாதியில் நின்ற ஜெபம்

செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் முள்ளன்விளை என்றொரு சிற்றூர். அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, ஆராதனைக்கு மணி அடிப்பது வேதக்கண் அம்மாளின் வேலை. வேலை முடிந்ததும் பீடத்துக்கு முன் முழங்காலில் நின்று, பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஆவணியில் அவருடைய ஒரே மகள் கிருபாவதி பிரசவத்தில் இறந்துபோனார், குழந்தையும் தங்கவில்லை. வேதக்கண் அம்மாள் அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே மணி அடிக்க வந்தார். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவருக்கோ அந்தப் பேச்சும் உறைக்கவில்லை. வழக்கம்போல் முழங்காலில் நிற்பார், சொல் ஒன்றும் வராது, எழுந்து போவார். ஆனால் ஒருநாளும் முழங்காலில் நிற்காமல் போனதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பெண்களின் உபவாச ஜெபம். வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்பது அங்கே வழக்கம். கூட்டத்தை நடத்தும் கிரேஸ்மணி டீச்சர் ஆரம்பித்தால், அடேயப்பா, வசனம் மடைதிறந்து கொட்டும். வேதக்கண் அம்மாள் தம் முறைக்கு "ஆண்டவரே" என்பார், அதோடு சரி. மற்றப் பெண்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து சிரித்துக்கொள்வார்கள். மூன்று மாதம் பார்த்த டீச்சர், ஜெபிக்க முடியாதவர்கள் வெளியே இருக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிவிட்டார்.

மரத்துப்போயிருந்த வேதக்கண் அம்மாளுக்கு அது மட்டும் பயமாயிருந்தது. அந்த வட்டமும் போய்விட்டால் போவதற்கு வேறு இடமில்லை. ஆகவே, பாவம், ஒரு காரியம் செய்தார். டீச்சர் வாராவாரம் சொல்லும் ஜெபத்தையே மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

அடுத்த வெள்ளியன்று தம் முறையில் கணீரென்று தொடங்கினார். பெண்கள் அசந்துபோனார்கள். "எங்கள் பிள்ளைகளைக் கண்மணிபோல் காத்து வந்தீரே, ஸ்தோத்திரம்" என்ற வரி வந்ததும் நின்றுவிட்டார்.

"ஆண்டவரே, இது பொய்" என்றார். "எனக்கு நன்றியும் வரல, அழுகையும் வரல. உள்ள ஒண்ணுமே இல்ல. அதோடதான் வந்திருக்கேன்."

அடுத்தது டீச்சரின் முறை. அவருடைய மகன் சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போய் ஆறு வருடம்; இருக்கிறானா, இல்லையா, அதுகூடத் தெரியாது. அந்த ஸ்தோத்திர வரியை இத்தனை வெள்ளியும் சொல்லி வந்தவர் அவர்தான். அன்று வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "எனக்கும் அது பொய்தான், ஆண்டவரே" என்று சொல்லிக் குனிந்து அழுதார். அதற்குப்பின் வட்டத்தில் எவரும் நீட்டி ஜெபிக்கவில்லை.

வானத்திலிருந்து குரல் கேட்டதா என்றால், இல்லை. உபவாசம் முடித்து எல்லாரும் கஞ்சி குடித்தார்கள். மகள் போன நாள்முதல் வேதக்கண் அம்மாளின் நாக்குக்கு ருசியே தெரிந்ததில்லை. அன்று ஒரு வாய் குடித்தவர், "உப்பு கூடிப்போச்சே" என்றார். சொன்னதும் கண் நிறைந்தது. அழுதுகொண்டே முழுக் கஞ்சியையும் குடித்தார்.

வெறுங்கையோடு வந்ததை ஒளிக்காமல் சொன்ன அந்தத் தாயை ஆண்டவர் தள்ளவில்லை. அந்த அம்மாள் ஜெபித்ததில் பாதி நமக்கு வாய்த்தால் போதும்.