நமுத்த அப்பளமும் காற்றுக்கு வைத்த காவலும்

முன்னொரு காலத்தில், ஓர் அப்பளத்துக்காக ஏரியையே தூர்க்கத் துணிந்த அரசர் ஒருவர் இருந்தார். மகிபாலர் என்று பெயர். நல்லவர்தான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொல்வதே சரி என்று நம்பிவிடும் அளவுக்கு நல்லவர்.

மழைக்கு முந்தைய புழுக்கக் காலம். அரண்மனை வழக்கப்படி, அமைச்சர் அனந்தகீர்த்தி மன்னரின் விருதுப் பெயர்களை எல்லாம் பாடி முடித்த பிறகுதான் மன்னர் இலையில் கை வைக்கலாம். அன்றும் பாடி முடித்தார். மன்னர் ஆசையோடு அப்பளத்தை எடுத்தார். அது நொறுங்கவில்லை, ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

"என் நாட்டில் ஓர் அப்பளம்கூட மொறுமொறுப்பாக இருக்காதா? இது யார் செய்த வேலை?" என்று சீறினார்.

அரண்மனைக்குக் கிழக்கே இருந்த பெரிய ஏரியின்மேல் அனந்தகீர்த்திக்கு நெடுநாளாக ஒரு கண். தூர்த்துவிட்டால் அருமையாக மாந்தோப்பு போடலாம்.

"பிரபு, குற்றவாளி அந்த ஏரிதான். காற்றில் ஈரத்தைக் கலந்துவிடுவதே அதற்கு வேலை. மண்ணைப் போட்டு மூடினால் தொல்லை தீர்ந்தது" என்றார்.

விகடகவி நல்லாண்டி முன்னால் வந்து நின்றான். ஏரி போனால் அதை நம்பிப் பயிர் வைத்த அத்தனை ஊர்களும் போய்விடும். அவன் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊரும் அதில் ஒன்று.

"மன்னா, அந்த ஈரம் போனால் காற்றும் போகும், மழையும் போகும்" என்றான்.

அனந்தகீர்த்தி சிரித்தார். "அப்படியானால் ஏரியைத் தொடாமலே இவன் ஈரத்தை நீக்கிக் காட்டட்டுமே!"

"சரியான யோசனை! நல்லாண்டி, நாளைப் பகல் உணவின்போது என் அறைக் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால், ஏரி இருக்காது" என்றார் மன்னர்.

"உத்தரவு மன்னா. ஈரத்தைக் கொண்டுவருவது எதுவானாலும் தடுக்கலாமா?"

"எதுவானாலும்!"

மறுநாள் காலையிலேயே நல்லாண்டி வேலையைத் தொடங்கினான். ஏரிப் பக்கத்துச் சன்னல்களைக் களிமண்ணால் அடைத்தான். நாள் முழுவதும் நீர் தெளிக்கப்படும் வெட்டிவேர்த் தட்டிகளை அவிழ்த்து வெயிலில் போட்டான். அறை முழுக்க, ஈரத்தை உறிஞ்சும் சுட்ட சுண்ணாம்பைக் கூடை கூடையாக வைத்தான். வாசலில் ஈட்டிக்காரர்களை நிறுத்தினான். பிறகு அமைச்சரைக் கம்பளியால் கழுத்துவரை சுற்றி உட்கார வைத்தான்.

"இது என்ன அக்கிரமம்?"

"தங்கள் வியர்வையும் காற்றில்தானே கலக்கிறது அமைச்சரே? அரச ஆணை."

பகலில் மன்னர் அப்பளத்தைக் கடித்தார். நொறுங்கியது! மகிழ்ந்துபோனார். ஆனால் இரண்டாவது அப்பளத்தைக் கடிப்பதற்குள் உதடு வெடித்தது, தொண்டை வறண்டது, அறை அடுப்பாகக் கொதித்தது.

"நல்லாண்டி! காற்று எங்கே?"

"வாசலில் நிற்கிறது மன்னா. ஈரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று காவலர்கள் சொல்லிப் பார்த்தார்கள். வந்தால் இரண்டு பேருமாகத்தான் வருவோம் என்கிறது. மேகங்களையும் எல்லையிலேயே மறித்துத் திருப்பி அனுப்ப ஓலை எழுதி வைத்திருக்கிறேன். முத்திரை வைத்தால் போதும்."

"மேகத்தையா? மழை பெய்யாதே!"

"மழையும் ஈரம்தானே மன்னா?"

நல்லாண்டி கைகூப்பினான்.

"வெயிலில் ஏரி நீர் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகி மேலே ஏறுகிறது. அது திரண்டு மேகமாகும்போது, சுமந்துபோன சூட்டை அங்கே இறக்கி வைக்கிறது. அந்தச் சூட்டில் மேலேயுள்ள காற்று இன்னும் உயரே போகிறது. காலியான இடத்தை நிரப்பக் கீழிருந்து வேறு காற்று ஓடி வருகிறது. நம்மைத் தழுவும் காற்றை ஓட்டுவதும் ஈரம், மழையாய்த் திரும்புவதும் அதே ஈரம். வெட்டிவேர்த் தட்டி அறையைக் குளிர வைப்பதும் அதன் ஈரம் அறைச் சூட்டை வாங்கிக்கொண்டு போவதால்தான்."

"சன்னல்களைத் திறங்கள்!" என்று அலறினார் மன்னர். களிமண் உடைந்ததும் ஏரிக்காற்று சிலுசிலுவென்று நுழைந்தது. பெருமூச்சு விட்ட மன்னர் சட்டென்று முகம் வாடினார். "அப்படியானால் என் அப்பளம்?"

"பொரித்ததும் உண்ணுங்கள் மன்னா. அமைச்சர் தங்கள் விருதுகளைப் பாடி முடிக்கும்வரை அது காத்துக் கிடக்கிறது. வெறும் உளுந்து மாவு, அதுதான் எவ்வளவு நேரம் தாங்கும்?"

மன்னர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி நல்லாண்டிக்கு அணிவித்தார். ஏரியில் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது என்று ஆணையிட்டார். விருதுப் பெயர்களை அமைச்சர் இனி உணவு வேளையில் ஏரிக்கரையில் நின்றுதான் பாட வேண்டும் என்றார்.

அன்று மாலை ஏரிப் பக்கமிருந்து மழை கொட்டியது. மன்னர் சுடச்சுட அப்பளம் கடித்துக்கொண்டிருந்தார். தூரத்தில், தொப்பலாக நனைந்தபடி அனந்தகீர்த்தி பாதி விருதுகளைத்தான் முடித்திருந்தார்.