ராஜாவுக்கு வைத்த எண்ணெய்

“அவர் வருவாரா, மாட்டாரா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள், அம்மா.”

அசரியா வாசற்படிக்கு வெளியே நின்றபடி கேட்டான்.

உள்ளே மில்காள் ஒரு பிணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

யோர்தானுக்கு அக்கரையில், மேசியா திரும்பி வருவார் என்று நம்பி வாழ்ந்த சின்னச் சபை அது. சந்தேகம் வந்தால் எல்லாரும் மில்காளிடம்தான் வருவார்கள். சாவு விழுந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். இரண்டுக்கும் அவள் தனித்தனி நேரம் ஒதுக்குவதில்லை.

“ஒரு வார்த்தையில் அடங்காது. உள்ளே வாரும்.”

“வர முடியாது. உங்களுக்கே தெரியும்.”

தெரியும். பிணம் கிடக்கும் கூரைக்குக் கீழே நுழைந்தவனுக்கு ஏழு நாள் தீட்டு. தீட்டுப்பட்ட கை ராஜாவின் தலையைத் தொடக் கூடாது.

அசரியாவின் இடுப்பில் ஒரு ஆட்டுக்கடாக் கொம்பு தொங்கியது. உள்ளே ஒலிவ எண்ணெய். வாயில் மெழுகு முத்திரை. மேசியா அரசராக வந்து இறங்கும் நாளில் அவர் தலையில் ஊற்றுவதற்கென்று அவன் சுமந்து திரிந்த எண்ணெய் அது.

ஆண்டுதோறும் செக்கில் முதலில் வடிகிற எண்ணெயை வாங்கிப் புதிதாக நிரப்புவான். பழையதைக் குடிசைக்குப் பின்னால் இருந்த பாறைமேல் கொட்டிவிடுவான். ராஜாவுக்கு என்று வைத்ததை வேறொருவர் தொடலாமா? கொட்டிக் கொட்டி அந்தப் பாறையே கறுத்துப் பளபளத்தது.

பாதை பிரிகிற இடத்தில் தனியாக இருந்தான். கல்யாணத்துக்குப் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை. யாராவது தோளைத் தொட்டுப் பேச வந்தால் ஒரு அடி பின்வாங்குவான். யார் மேல் என்ன தீட்டு ஒட்டியிருக்கிறதோ, யார் கண்டது?

“யொக்தான் வந்திருக்கிறான்” என்றான்.

“எந்த யொக்தான்?”

“என்னோடு வாள் பிடித்த பழைய கூட்டாளி. ஆற்றுத்துறையில் கோவேறு கழுதையோடு நிற்கிறான். மலைநாட்டில் ஒருவர் கொடி ஏற்றியிருக்கிறாராம். ஆள் இருக்கிறது, வாள் இருக்கிறது, அபிஷேகம் பண்ணத்தான் யாரும் இல்லையாம். பொழுது சாய்வதற்குள் கொம்பை எடுத்துக்கொண்டு வா என்கிறான்.”

“வேறு என்ன சொன்னான்?”

அசரியா தயங்கினான்.

“‘உன் ராஜா மேகத்தில் ஏறிப் போனார், இறங்க வழி தெரியவில்லை போலிருக்கிறது, எங்கள் ராஜா குதிரைமேல் இருக்கிறார், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டாம்’ என்றான்.”

மில்காள் சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதீர்கள், அம்மா. இன்னொன்றும் கேட்டான். ‘மேசியா என்றால் அபிஷேகம் பெற்றவர் என்கிறீர்களே, எந்த ஆசாரியன் ஊற்றினான்? எந்த ஊரில்?’ அதைக் கேட்டுக்கொண்டுதான் இங்கே ஓடி வந்தேன். கொம்பு நிறைந்தபடியே இருக்க, நான் செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது.”

உள்ளே துணியைப் பிழியும் சத்தம் கேட்டது.

“காலைக் கொஞ்சம் பிடித்தால் புரட்டிவிடலாம்” என்றாள்.

“என்னால் முடியாது.”

அவளே புரட்டினாள். பலகை முனகியது. அவளுக்கு மூச்சு வாங்கியது வாசல்வரை கேட்டது.

“யார் அவன்?”

“தெரியாது. துறைக்குக் கீழே ஒதுங்கிக் கிடந்தான். முதுகில் வெட்டு. உம்முடைய மலைநாட்டு ராஜாவின் ஆளோ, அவரை விட்டு ஓடிவந்தவனோ. கேட்டால் சொல்லவா போகிறான்?”

தனக்குத்தானே பேசுகிறவள் போலச் சொன்னாள்:

“தலைமயிர் சடை விழுந்து போயிற்று. எண்ணெய் இருந்தால் பிரித்துவிடலாம். இந்த ஆண்டு ஒலிவம்பிஞ்சு எல்லாம் உதிர்ந்துவிட்டதே. சபையில் ஒரு சொட்டு இல்லை.”

அசரியாவின் உள்ளங்கை கொம்பின் வாயை மூடிக்கொண்டது.

“எமீமாளுக்கும் இப்படித்தான் இருந்தது” என்றாள்.

எமீமாள் அவன் மனைவி. காய்ச்சலில் கிடந்து இறந்தவள். அவளைக் கழுவிய அன்றும் அவன் இதே வாசலில், இதே கொம்போடு நின்றிருந்தான்.

“அவளுக்கு என்ன செய்தீர்கள்?”

“வெறும் தண்ணீரில்தான் பிரித்தேன். நேரம் பிடித்தது.”

ஆற்றுப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏ அசரியா! ராஜா காத்திருப்பார், கழுதை காத்திருக்காது!”

அசரியா திரும்பினான்.

“என் அம்மாவும் ஒரு ஜாடி சுமந்து போனாள்” என்றாள் மில்காள்.

அவன் நின்றான். அந்தக் கதை அவனுக்குத் தெரியாததல்ல. சிலுவையில் இறந்தவரின் உடலுக்குப் பூச, ஓய்வுநாள் கழிந்த விடியலில் பெண்கள் தைலம் எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லறை காலியாக இருந்தது. சபையில் சின்னப் பிள்ளைகூட அதைச் சொல்லும். அவனே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

ஒன்றை மட்டும் அவன் இதுவரை யோசித்ததில்லை.

“அந்தத் தைலம் என்ன ஆயிற்று?”

“மற்றவர்கள் சேதி சொல்ல ஓடினார்கள். அம்மாவால் ஓட முடியவில்லை. ஜாடி கனம்.”

“பிறகு?”

“நகரத்து மதிலுக்கு வெளியே ஒரு பள்ளம் இருந்தது. அங்கே போனாள்.”

“அங்கே என்ன?”

“அவருக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு கள்ளரைத் தொங்கவிட்டார்கள் அல்லவா? கேட்பதற்கு ஆள் இல்லாத பிணங்களை அங்கேதான் போடுவார்கள்.”

அசரியா வாசற்படியை ஒட்டி வந்து நின்றான்.

“தைலம் ஒருவனுக்குத்தான் போதுமானதாக இருந்தது” என்றாள்.

“எந்தக் கள்ளனுக்கு? அவரைத் திட்டினவனுக்கா, அவரிடம் கெஞ்சினவனுக்கா?”

“நானும் கேட்டேன்.”

“என்ன சொன்னார்கள்?”

“மூன்றாம் நாள் அல்லவா? முகம் தெரியவில்லையாம்.”

ஆற்றுப் பக்கமிருந்து மறுபடியும் அவன் பெயர் கேட்டது. இந்த முறை கோபமாக. பிறகு கழுதையின் கழுத்துமணி. மணிச்சத்தம் மெல்லத் தேய்ந்தது.

மெழுகு இறுகிப் போயிருந்தது. நகம் இறங்கவில்லை. அசரியா கொம்பை வாயில் வைத்துப் பல்லால் கடித்து உடைத்தான். போன ஆண்டு எண்ணெய். இலேசாகச் சிக்கு வாடை வந்தது.

வெயிலில் நின்ற கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. படியைத் தாண்டி, ஒரு கையை இருட்டில் நீட்டினான்.

“தலை எந்தப் பக்கம், அம்மா?”