வாலில் வைத்த வார்த்தை

கடல் ஓய்ந்தாலும் இந்த வழக்கு ஓய்வதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீங்களாவது தீர்த்து வையுங்கள்.

வருடா வருடம் ஒரு வரிசை வீட்டைக் கடல் தின்னும் குப்பம் அது. காலநிலை மாறிவிட்டது, குப்பத்தையே கடல் கண்ணில் படாத உள்பகுதிக்கு மாற்றிவிடலாம் என்று அரசு நினைத்தது. அதற்காக ஒருநாள் காலையில் கூட்டம் வைத்தது. அதற்கு முந்தின நாள் செய்தியாளர் ஞானசேகர் குப்பத்துக்கு வந்தார். மீன் விற்கும் அஞ்சலாட்சி அவரிடம் சொன்னார்:

“நாங்க யாரும் சம்மதிக்கல தம்பி. அவ்ளோ தூரம் போயிட்டா பொழப்புக்கு எங்க போறது? பக்கத்துலயே மேடான எடமாக் குடுக்கட்டும். கூட்டத்துக்கு முன்னாடி இது பேப்பர்ல வந்தாவணும்.”

“ஒங்க பேச்சுலதான்க்கா செய்தியே முடியும். படிக்கிறவங்க மனசுல அதுதான் நிக்கும்.”

சொன்னபடியே எழுதினார். முதலில் அமைச்சர்: ‘மக்கள் மனமுவந்து சம்மதித்துள்ளனர்.’ அடுத்து வெளிநாட்டு நிபுணர், உலக வெப்பம், துருவப் பனி. கடைசிப் பத்தியில் அஞ்சலாட்சி.

மாலையில் செய்தி ஆசிரியர் வைத்தீஸ்வரன் அந்தப் பக்கத்தில் ஓர் ஏசி விளம்பரத்துக்கு இடம் கொடுத்தார். விளம்பரம் இல்லாவிட்டால் சம்பளம் ஏது? “செய்தியக் கொஞ்சம் கொறச்சிடும்மா” என்றார். பக்கம் வடிவமைக்கும் நசீமா குறைத்தார். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவது பத்திரிகை வழக்கம். ‘வாலை நறுக்கினால் மாடு சாகாது’ என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே ஞானசேகர்தான்.

காலையில் அஞ்சலாட்சி பேப்பரை வாங்கி நேரே செய்தியின் கடைசிக்குப் போனார். அங்கே ஏசி இருந்தது. கூட்டத்தில் தாசில்தார் அதே பேப்பரைத் தூக்கிக் காட்டினார். “எல்லாரும் சம்மதம்னு வந்திருக்கே. இப்ப என்னம்மா புதுசா?” குப்பத்தை மாற்றுவது அன்றே முடிவானது.

இடத்தை விற்றவர், வெட்டியவர், எழுதியவர் என மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். அஞ்சலாட்சியின் வாயை அடைத்தது இவர்களில் யார்?

என் விடை ஞானசேகர். மற்ற இருவரும் அஞ்சலாட்சியைப் பார்த்ததுகூட இல்லை. இவர் பார்த்தார், வாக்கும் கொடுத்தார். வால் நிற்காது என்பதும் இவருக்குத் தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை என்கிறார், நம்புகிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் ஓர் அமைச்சரின் பேச்சை ஒருநாளாவது கடைசியில் வைத்திருக்கிறாரா? அஞ்சலாட்சி இப்போது மீன் எடுக்க முதல் பஸ்ஸுக்கு நிற்கிறார். அந்தக் கஷ்டத்தை எழுதவும் ஞானசேகர்தான் வந்தார்.

“மொதல்ல போடுறதா இருந்தா பேசுறேன் தம்பி” என்றார் அஞ்சலாட்சி.