கொழுந்துவின் கண் திறந்த போட்டோ

சங்கரன்கோயில் பாத்திரக்கடை அண்ணன் தம்பிகளை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவர்கள். ஊரில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள். மூத்தவர் தெய்வநாயகம், நடுவுள்ளவர் பால்வண்ணம், கடைக்குட்டி திருமலைக்கொழுந்து. கொழுந்துவுக்கு முப்பத்தாறு வயது முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை.

காரணம் அவன் கண். நல்ல கண்தான். ஆனால் கேமராவைக் கண்டால் மூடிக்கொள்ளும். பதினோரு வீட்டுக்குப் போட்டோ போனது, பதினோரு வீட்டிலும் "மாப்பிள்ளை எப்பவும் தூங்கிக்கிட்டே இருப்பாரோ?" என்று கேட்டு விலகிக்கொண்டார்கள். போன மாசம் ஒரு காதுகுத்து வீட்டில் எடுத்த ஒரே ஒரு படத்தில் இரண்டு கண்ணும் திறந்திருந்தது. அது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. கோவில்பட்டிப் பெண்வீட்டார் வெள்ளிக்கிழமைக்குள் போட்டோ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கரகரவென்று கத்தியது. ரிப்பேர்காரர் ஜெபராஜ் வந்து காது வைத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, இது ரொம்ப நாள் தாங்காது. முக்கியமான போட்டோவை மூணு பென் டிரைவ்ல ஏத்தி வைங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க, ஒண்ணு கட்டாயம் வெளியூர்ல இருக்கணும். அப்புறம், ஒரிஜினல் இல்லாமப் போனா நகல் கைகொடுக்குதான்னு ஒரு தடவை சோதிச்சும் பாத்துருங்க."

அவரே மூன்றிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

"அப்படியே ஒண்ணைப் பொண்ணு வீட்டுக்கும் அனுப்பிருவோமா?" என்று கொழுந்து ஆசையாகக் கேட்டான்.

"முதல்ல பத்திரப்படுத்துவோம். ஏலே, பத்திரப்படுத்தாத பொருளை எவனாவது ஊருக்கு அனுப்புவானா?" என்றார் தெய்வநாயகம்.

முதல் பென் டிரைவைத் தெய்வநாயகம் எடுத்துக்கொண்டார். பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பேர் வெட்டாத பொருள் கிடையாது. பேர் இல்லாவிட்டால் பந்தியில் மாறிப்போகும். பேர் வெட்டுற மெஷினை எடுத்துப் பென் டிரைவ் மேல் தம் பேர், அப்பா பேர், தெருப் பேர் எல்லாம் ஆழமாக வெட்டினார். தெருப் பேரின் கடைசி எழுத்து மறுபக்கம் வந்துவிட்டது.

இரண்டாவது பால்வண்ணத்துக்கு. திருடன் கை படக்கூடாதென்று அதைப் பித்தளைச் செம்புக்குள் போட்டு, மூடியை வைத்து, சுற்றிலும் பற்றவைத்துவிட்டார். நல்ல நெருப்பில் நன்றாகவே பற்றவைத்தார், தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதைத் தென்காசியில் வாக்கப்பட்டிருக்கும் தங்கை ஆவுடையம்மாளிடம் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை சோதனை. மூன்று பேரும் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"ஒரிஜினல் இல்லைன்னு வச்சுக்கிட்டு நகலைப் பாக்கணும்" என்றார் பால்வண்ணம்.

"இருக்கிறதை இல்லைன்னு எப்படில வச்சுக்க முடியும்? அது பொய்யில்லையா?" என்றார் தெய்வநாயகம்.

"அதுவும் சரிதான். நல்ல காரியத்துல பொய் கலக்கக் கூடாது."

படத்தை அழித்தார்கள். அது கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில் கிடந்தது. மாப்பிள்ளை படம் குப்பையில் கிடப்பது அபசகுனம் என்று அதையும் காலி செய்தார்கள்.

பிறகு முதல் பென் டிரைவைச் சொருகினார்கள். பேர் தெளிவாகத் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. செம்பை அறுத்துத் திறந்தால் உள்ளே கருகிய கத்தரிக்காய்போல ஒன்று உருண்டது. தங்கைக்குப் போன் போட்டார்கள். சாயங்காலமே அவள் புருஷன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அதில் ஒரு படம் இருந்தது. ஒரு கிண்ணம் சர்க்கரை.

தெய்வநாயகம் மறுபடி போன் போட்டார். "ஏ ஆவுடை, கொழுந்து போட்டோ எங்கம்மா?"

"துடைச்சிட்டேன் அண்ணே. அடுத்தவங்க பாத்திரத்தை அப்படியே வச்சுக் குடுப்பாங்களா? துடைச்ச பாத்திரத்தை வெறுமையாவும் குடுக்கக் கூடாது, அதான் சர்க்கரை போட்டேன். நம்ம அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி."

மூத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முறை தெரிஞ்ச பிள்ளை" என்றார்.

கொழுந்துவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எழுந்து நின்று இரண்டு அண்ணன்களையும் முறைத்தான். அந்த நேரம் பார்த்துப் பால்வண்ணம் செல்போனில் படம் பிடித்தார். கண் இரண்டும் ஆழாக்கு அளவுக்குத் திறந்திருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டார்கள். கொழுந்து மனசு குளிர்ந்து சிரித்தான்.

"இரு. இப்போ ஒரிஜினல் எது?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

பால்வண்ணம் தம்பியைக் காட்டினார். "இவன்தான்."

"அப்போ போட்டோவும் இவனும் ஒரே வீட்டுல இருக்கலாமா?"

அன்றைக்கே கொழுந்துவை மதுரைக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கல்யாணம் நடக்கவேண்டுமே என்று அவனும் பஸ் ஏறினான்.

மறுநாள் அண்ணன்கள் சட்டத்தோடு கோவில்பட்டி போனார்கள். பெண்ணின் அப்பா சுடலைமுத்து படத்தைப் பார்த்தார். "நல்ல முழிப்பான பையன். மாப்பிள்ளை வரலையா?"

"வெளியூர்ல பத்திரமா வச்சிருக்கோம். எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கக் கூடாதில்ல?"

சுடலைமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கும் ஒரே பொண்ணுதான். இத்தனை வருஷமா இந்த ஒரே வீட்டுலயே வச்சிருக்கேன்" என்றார். காப்பித் தட்டோடு வந்த மகள் செண்பகவடிவிடம் தட்டை வாங்கிவைத்துவிட்டு, அவளை அடுத்த பஸ்ஸில் நாகர்கோவில் சித்தி வீட்டுக்கு ஏற்றிவிட்டார். பிறகு அவள் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு வீட்டாருக்கும் மனசுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆவணியில் கல்யாணம். மணையில் இரண்டு சட்டத்தையும் ஜோடியாக வைத்து, மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெண் படத்தில் கட்டிய தாலி நழுவாமல் இருக்கப் பின்பக்கம் ஆணி அடித்தார் பால்வண்ணம்.

பஸ் தாமதமாகி, மத்தியானம்தான் வந்துசேர்ந்தாள் கயத்தாறு அத்தை. மண்டபத்துக்குள் காலை வைத்தவள், விளக்கையும் மாலை போட்ட இரண்டு போட்டோவையும் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, ரெண்டும் ஒரே நேரத்துலயா போயிருச்சு?"

தெய்வநாயகம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்க அத்தை. அப்படி ஆயிரக் கூடாதுன்னுதான் ஒருத்தரை மதுரையிலயும் ஒருத்தரை நாகர்கோவில்லயும் வச்சிருக்கோம்."