முதல் பெட்டி

"டீச்சர், இந்த சி கம்ப்யூட்டர் மொழிக்குத் தமிழ் ஆகாது" என்றார் சவரிமுத்து.

வேலங்குளம் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் அவர். ஐம்பது வயதில் நிரல் எழுதக் கிளம்பியவர். அந்தத் துணிச்சலையே மெச்ச வேண்டும்.

கணினி வகுப்பு நடத்தும் தில்லைநாயகி டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் அந்தப் பொறுமை யாருக்கு வரும்!

"என்னண்ணே ஆச்சு?"

"ஆஸ்பத்திரி மின்பலகையில நோயாளி பேரோட முதல் எழுத்து வரணும். வெறும் கேள்விக்குறிதான் வருது. யாரும் எழுந்து வர மாட்டேங்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா இங்கிலீஷ்லயே போட்டுடுன்னுட்டார் டாக்டர். எங்க சனம் அதை எப்படிப் படிக்கும்?"

"கம்ப்யூட்டர் நினைவகத்துல பேர் இருக்கிற முகவரி சரிதானா?"

"அச்சு அசலா சரி. அங்கேயே போய் முதல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எழுத்துக்கான நம்பர், கற்பகத்துக்கும் 224. வடிவுக்கும் 224. அமிர்தத்துக்கும் அதேதான். ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்துதானே? இங்கிலீஷ்ல பேரு கொடுத்தா ஒழுங்கா வருதே! மெஷின் பொய் சொல்லுது டீச்சர்."

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தார். சவரிமுத்து பின்னாலேயே ஓடினார்.

பெஞ்சில் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள்.

"எந்த ஊரும்மா?" என்று முதல் பெண்ணைக் கேட்டார் டீச்சர்.

"வேலங்குளம்."

"நீங்க?"

"வேலங்குளம்."

மூன்றாமவள் மடியில் காய்ச்சலோடு ஒரு குழந்தை முனகிக்கொண்டிருந்தது. "நானும் வேலங்குளந்தான்" என்றாள்.

டீச்சர் திரும்பினார். "அண்ணே, மூணு பேரும் ஒரே ஆளு போலிருக்கே."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்லா இருக்கே டீச்சர்! ஊரைக் கேட்டதோட நிறுத்திட்டீங்க. பேரைக் கேட்கவே இல்லையே!"

டீச்சர் மூலையில் இருந்த ஆஸ்பத்திரிக் கணினியைக் கைகாட்டினார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"அட! 224 தமிழ் எழுத்துக்கெல்லாம் பொதுவான ஊரு. பேரு அடுத்த பெட்டிகள்லதான் இருக்கு!" என்றார் சவரிமுத்து. ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தார்.

முதல் பெட்டியோடு நிற்கவில்லை. அடுத்ததையும் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார். ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பெட்டிகள்; மூன்றையும் சேர்த்துப் பலகைக்கு அனுப்பினார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாமவள் எழுந்தாள்.

"'வ' வந்துடுச்சு. வடிவு... என்னைத்தான் கூப்பிடுறாங்க."