ஓ பார்!

அரியநாயகத்துக்கு வாய்தான் தொழில். தென்காசியிலிருந்து வடக்கே போகிற யாத்திரைப் பேருந்துகளில் வழிகாட்டியாக இருந்தவர். ஓட்டுநருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, "எல்லாரும் வலது பக்கம் பாருங்க, இப்ப இடது பக்கம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. அவர் பார்க்கச் சொன்னால் குறட்டை விடுகிறவனும் எழுந்து பார்ப்பான். அப்படி ஒரு குரல்.

மனைவி போன பிறகு அந்தக் குரலுக்கு வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று. பிள்ளைகளும் கிடையாது. வீட்டை அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டு, எப்போதோ ஒரு யாத்திரையில் தேநீர் குடிக்க நின்ற பின்சோலி என்ற மலை ஊரில் தனியாக வந்து இறங்கினார்.

இறங்கியவருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மலைகளுக்கு நடுவே தூதியா ஆறு பாலாக நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. கரையோரம் கடைத்தெரு. அதற்கு மேலே பலகைக்கல் வேய்ந்த வீடுகள். வீடுகளுக்கு மேலே தேவதாருக் காடு. காட்டுக்கும் மேலே, வெயில் பட்டால் கண் கூசுகிற பனிச்சிகரம். அந்த ஊரில் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைக்காமல் யாரும் அங்கே ஒரு தேநீர் குடித்திருக்க மாட்டார்கள்.

ஊரின் மேல்முனையில் ஜசோதா மாயியின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றால் சில அறைகள், ஒரு மாட்டுக்கொட்டில், ஒரு வால்நட் மரம், அவ்வளவுதான். மாயி அரியநாயகத்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்ததால் சிறுவயதில் குன்னூரில் வளர்ந்தவர். ஆகவே தமிழ் வந்தது. அதுவும் எப்படிப்பட்ட தமிழ்? ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்ட தமிழ்.

"வாங்கண்ணா. உட்காருங்க. டீ குடிக்கறீங்களா?"

அரியநாயகத்துக்கு இது மட்டும் உறுத்தியது. மற்றச் சீடர்களையெல்லாம் மாயி அவர்களுடைய மலைப்பேச்சில் வா, போ என்றுதான் கூப்பிடுவார். இவரை மட்டும் 'ங்க' போட்டு விருந்தாளியாகவே வைத்திருந்தார்.

ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டார்.

"அம்மா, நான் இங்கனயே இருந்துக்கிடட்டுமா? எனக்குப் போக வேற இடம் கிடையாது."

"பனி விழுந்தா பாதை அடைஞ்சு போயிருங்கண்ணா. அப்புறம் குளிர் போனாத்தான் திறக்கும். தங்கறது யாரு, போறது யாருன்னு அதுக்கு முன்னாலயே முடிவு பண்ணணும்."

"நீங்களே முடிவு பண்ணுங்கம்மா."

"சரி. இது எப்படிப்பட்ட ஊருன்னு எனக்குச் சொல்லுங்க. சரியாச் சொன்னீங்கன்னா தங்குங்க."

அரியநாயகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவுதானா பரீட்சை? இல்லாத ஊரையே இருப்பதுபோல் சொல்லக்கூடியவர் அவர்.

மறுநாள் காலையில் மாயி ராஜ்மா பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சிகரத்திலிருந்து ஆரம்பித்து, காடு, கோயில், கோயில் மணி, ஆறு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது அவருக்கே மெய்சிலிர்த்தது.

மாயி ஒரு சொத்தை விதையை எடுத்து எறிந்தார்.

"நல்லா இருக்குங்கண்ணா. பஸ்சுல உட்கார்ந்து வந்த மாதிரியே இருக்கு."

அரியநாயகத்துக்குச் சுருக்கென்றது. சரி, ஊருக்குள் இறங்கித்தான் பார்ப்போமே என்று கடைத்தெருவில் சுற்ற ஆரம்பித்தார். ஒரு கடையில் ரொட்டி கேட்டார். கறுத்த ரொட்டி வந்தது. பிட்டு வாயில் போட்டவர் துள்ளிவிட்டார். கேழ்வரகு! பக்கத்துக் கடையில் கஞ்சி கொடுத்தார்கள். குதிரைவாலி! மலையில் பூக்கிற சிவப்புப் பூவைப் பிழிந்து சர்பத் கொடுத்தார்கள். காசு கொடுத்துவிட்டாரே என்று, குடிக்க முடியாமல் மீந்ததைப் புட்டியில் ஊற்றிக் கையில் திணித்தார்கள். கம்பளி முறுக்குகிற பெண்கள் நடந்துகொண்டே முறுக்கினார்கள், பேசிக்கொண்டே முறுக்கினார்கள், சண்டை போடும்போதுகூடக் கையில் சுழலும் நூற்புக் கதிர் நிற்கவில்லை.

எல்லாவற்றையும் வந்து சொன்னார்.

"நல்லா சாப்பிட்டிருக்கீங்க. உடம்புக்கு நல்லதுங்க" என்றார் மாயி.

மூன்றாம் தடவை அரியநாயகம் மூச்சுவாங்க மலைமுகட்டுக்கே ஏறிவிட்டார். அறுவடைக் காலம். படிப்படியாக இறங்குகிற வயல்களில் கீரைத்தண்டு முற்றி, ரத்தச் சிவப்பாகக் கதிர் தொங்கிக்கொண்டிருந்தது. பலகைக்கல் கூரைகளின் மேல் மஞ்சள் பூசணிகளும் சோளக் கதிர்களும் காய்ந்தன. சாயங்கால வெயிலில் சிகரம் பொன்னாகிப் பிறகு செம்பாகிப் பிறகு சாம்பலாயிற்று. இதையெல்லாம் அவளுக்கு ஒருமுறை காட்டியிருக்கலாமே என்று மனைவியை நினைத்துக்கொண்டார். எத்தனையோ பேருக்கு மலையைக் காட்டியவர், அவளை மட்டும் ஒரு யாத்திரைக்கும் கூட்டிவந்ததில்லை. விற்கிற இருக்கை ஒன்று வீணாகிவிடும் என்று.

இறங்கி வந்து மாயியிடம் சொன்னார். மாயி பால் கறப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்க ஊரை இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்லீங்கண்ணா."

"அப்போ நான் தங்கலாமா?"

"ஆனா இது ஊர் இல்லீங்களே."

அரியநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"மலை ஊர் இல்லேங்கீங்க. கடைத்தெரு ஊர் இல்லேங்கீங்க. வயக்காடும் ஊர் இல்லை. அப்ப இந்த ஊர் எங்கதாம்மா இருக்கு?"

மாயி பால் செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அரியநாயகம் அப்படியே நின்றார். 'பார்' என்றாரே! 'பாருங்க' இல்லை. 'ங்க' இல்லை! குரு முதல்முதலாகச் சீடனாக நினைத்து ஒருமையில் ஒரு கட்டளை இட்டிருக்கிறார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

மறுநாளிலிருந்து பார்ப்பதே வேலை. ஆற்றங்கரையில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். முன்னொரு வெள்ளத்தில் பாலம் போய்விட்டது. அதிலிருந்து ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பி, அதில் தொங்குகிற ஓர் இரும்புக் கூடை. ஆள் ஏறினால் கூடை சரசரவென்று நடு ஆறுவரை ஓடும். அதற்குப் பிறகு கூடையின் இரு பக்கமும் கட்டிய கயிற்றைக் கரையில் இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். எதிர்க்கரையில் ஒரு தண்ணீர் ஆலையும் சில வீடுகளும். பார்க்க அவ்வளவு அழகு.

முதல் நாளே பிற்பகலில் தூறல் போட்டது. எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் மாவு மூட்டையோடு கூடையில் ஏறினாள். கூடை ஓடிவந்து நட்டாற்றில் நின்று ஆடியது. கீழே நுரை. மேலே மேகம். நடுவில் சிவப்பு முக்காடு போட்ட ஒரு பெண். அரியநாயகம் மூச்சுவிட மறந்து பார்த்தார்.

அவள் அவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஓ பாஆஆர்!"

அரியநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. பார் என்கிறாள்! குரு சொன்ன அதே சொல்! எழுந்து நின்று, நன்றாகப் பார்த்து, கையை ஆட்டினார்.

"ஓ பார்! பார்!"

"பார்க்கேன் தாயி, பார்க்கேன்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

தூறல் மழையாயிற்று. அவள் முக்காட்டை அவிழ்த்து மூட்டைமேல் போர்த்திவிட்டு, தொண்டை கிழியக் கத்தினாள். மேல்வயலிலிருந்து ஒருவர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கடைத்தெருவிலிருந்து தையல்காரர் வாயில் ஊசியோடு வந்தார். இருவரும் அரியநாயகத்தின் காலடியில் கிடந்த கயிற்றை எடுத்து இழுத்தார்கள்.

கரையேறிய பெண்ணின் பெயர் பசந்தி. ஆலைக்காரரின் மருமகள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, நேரே அரியநாயகத்திடம் வந்தாள்.

"காது கேக்காதா உமக்கு? கயிறு காலடியில கெடக்கு. நான் கத்தறேன். நீர் என்னைக் கும்பிடறீர்! நான் என்ன சாமியா?"

"பார்னு சொன்னியேம்மா... நானும் பார்த்தேன்..."

அவர் யாத்திரைப் பேருந்துகளில் பழகிய இந்தியில் விளக்க விளக்க அவளுக்குக் கோபம்தான் ஏறியது. கடைசியில் தையல்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். இங்கே எதிர்க்கரைக்குப் பெயர் பார். ஆலைக்காரர்களுக்கு இந்த ஊர் பார். இந்த ஊருக்கு ஆலைப்பக்கம் பார். கூடை நட்டாற்றில் நின்றுவிட்டால் போகிற கரையைக் கூப்பிடுவார்கள். கேட்டவர் வந்து இழுப்பார்.

"யார் இழுக்கணும்?" என்றார் அரியநாயகம்.

"கேட்டவர்."

"ஆள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன?"

"பேரைச் சொன்னா அந்த ஒருத்தனுக்குத்தானே காது கேக்கும்?" என்றாள் பசந்தி. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இந்தியில் 'உஸ் பார்' என்றால் அக்கரை என்று அரியநாயகத்துக்குத் தெரியாததில்லை. ஆனால் வெறுமனே 'பார்' என்று நீட்டினால் தமிழ்க் காதுக்கு வேறு என்னதான் கேட்கும்? வெட்கத்தில் உடம்பு கூச, ஆசிரமத்துக்கு ஏறினார்.

"அம்மா, அன்னைக்கு நீங்க பார்னு சொன்னீங்களே... அது எந்தப் பாஷை?"

மாயி அவர் முகத்தைப் பார்த்தார். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணா, நான் உங்களை என்னைக்காச்சும் 'பார்'னு சொல்லியிருக்கேனா? 'பாருங்க'ன்னுதானே சொல்லுவேன்!"

அரியநாயகத்துக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த ஒருமையும் போயிற்று.

"அப்போ அக்கரைக்குப் போகச் சொன்னீங்களா?"

"போயிட்டு வாங்க. வானம் வேற மூடிட்டு வருது."

மறுநாள் அரியநாயகம் கூடையில் ஏறினார். அது ஓடிய ஓட்டத்தில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். நட்டாற்றில் நின்று ஆடியது. அக்கரையில் ஆள் இல்லை. கூப்பிட வேண்டும். பேருந்து முழுவதையும் எழுப்பிய அந்தக் குரல் இப்போது வரமாட்டேன் என்றது. ஊருக்கெல்லாம் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கேட்டுப் பழக்கமில்லை. மனைவி கிடையில் கிடந்த நாட்களில்கூட அக்கம்பக்கத்தில் ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

குளிர் ஏறியது. கைகள் மரத்தன.

"ஓ பார்!" என்றார். அவருக்கே கேட்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார். "ஓ பாஆஆர்!"

ஆலையின் கதவு திறந்தது. கையெல்லாம் மாவோடு பசந்தி வந்தாள். வந்தவள் கயிற்றைத் தொடவில்லை. கையை ஆட்டினாள். இரண்டு கையையும் தூக்கி அவரைக் கும்பிட்டாள். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கயிற்றை இழுத்தாள்.

ஆலை வாசலில் அவளுடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாதவர். காலடிச் சத்தம் புதிதாக இருக்கவே தலையைத் தூக்கினார்.

"யாரு? எந்த ஊரு?"

அரியநாயகம் திரும்பினார். இத்தனை நாளும் உள்ளே இருந்து பார்த்த பின்சோலி மொத்தமாக எதிரில் நின்றது. சிகரம், காடு, கூரைகள், சிவந்த வயல்கள், ஆசிரமத்துப் புகை. அவருக்குத் தெரிந்த எந்த வருணனையும் அதற்குப் போதாது. வருணிக்க வாயைத் திறந்தார்.

அதற்குள் ஆலைப்பக்கத்துக் கிழவர் ஒருவர் கூடையில் ஏறிப் போய், நட்டாற்றில் நின்றுகொண்டு, "ஓ பார்!" என்றார்.

எதிர்க்கரையில் கடைத்தெரு முழுவதும் தலைகள் நிமிர்ந்தன. ஒருவர் தராசைப் பாதியில் விட்டார். கம்பளி முறுக்குகிறவளின் கதிர் நின்றது. வயலிலிருந்து இருவர் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவர் கயிற்றைப் பிடித்ததும் மற்றவர்கள் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிப் போனார்கள். அரியநாயகம் திறந்த வாயை மூடினார்.

"எந்த ஊருன்னு கேட்டேனே?" என்றார் ஆலைக்காரர்.

அரியநாயகம் தென்காசி என்று சொல்லத்தான் நினைத்தார். கை தானாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீண்டது. கண் தெரியாதவரிடம் கையை நீட்டி என்ன பயன் என்று உறைத்தது.

"பார்" என்றார்.

"ஓ, நம்ம பாரா? உட்காரு" என்று ஆலைக்காரர் பலகையில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

திரும்பும்போது பனி விழ ஆரம்பித்துவிட்டது. முதல் பனி. மாவு சலித்ததுபோல் ஆறு முழுக்க இறங்கியது. நட்டாற்றில் கூடை நின்றதும் அரியநாயகம் தயங்கவில்லை. கூப்பிட்டார். கயிறு விறைத்தது. கரையில் இழுத்துக்கொண்டிருந்தது ஜசோதா மாயி.

அரியநாயகம் இறங்கியதும், அக்கரையில் யாரோ காலிக் கூடையைத் தங்கள் பக்கக் கயிற்றால் இழுத்துக்கொண்டார்கள். மாயியின் தலையிலும் தோளிலும் பனி. பாதை அடையப்போகிறது. இன்னும் அவர் ஊரைச் சொல்லி முடிக்கவில்லை.

"அம்மா, பனி விழுந்துட்டு. நான் தங்கவா, போகவா? ஊரைப் பத்தி இப்பவே சொல்லிருதேன், கேளுங்க..."

பின்னால் ஆற்றின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

மாயி கயிற்றை அவர் கையில் வைத்தார்.

"அதெல்லாம் அப்புறம். அங்க யாரோ கூப்பிடறாங்க, பாரு. கயித்தைப் பிடி."